எடைச்சீட்டு எண் 4418

இரவு எடைமேடையில் நான்தான்.
காலி வண்டி ஏறும், எழுதுவேன்.
கல் ஏற்றித் திரும்பும், எழுதுவேன்.
இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்
ராதாபுரம் பக்கத்தில் ஒரு குன்றாக நின்றது.
இப்போது அங்கே பச்சைத் தண்ணீர்,
எவ்வளவு ஆழமென்று யாரும் அளக்கவில்லை.

இன்றைக்கு ஒரு கல்
பூமிக்குப் பக்கத்தில் போகிறதாம்,
பின்னிரவு இரண்டு நாற்பத்தேழுக்கு.
டாரஸ் லாரி அளவு.
முந்தாநாள்தான் கண்டிருக்கிறார்கள்,
அதற்குள் பெயரும் வைத்தாயிற்று:
ஒரு வருஷம், இரண்டு எழுத்து, ஓர் எண்,
நம்பர் பிளேட் மாதிரி.
செல்போனைத் தூக்கிப் பிடித்து வாசித்தேன்.

மாசானமுத்து கேபினிலிருந்து தலையை நீட்டி
"நம்ம குவாரிக் கல்லா வே?" என்றார்.
"பாஸ் இருக்கா அதுக்கு?
களியக்காவிளையில கேப்பான்லா."

விநாடிக்குப் பதினாலு கிலோமீட்டர் என்றேன்.
காவல்கிணற்றில் கிளப்பினால்
ஒன்றரை விநாடியில் நாகர்கோவில்.
வாய்க்குள்ளேயே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு
"மறிக்க ஆளில்லன்னா நானும்தான் போவேன்" என்று
கியரைத் தட்டினார்.
மேடையில் நாற்பத்தெட்டு டன்.
நடைச்சீட்டில் முப்பது.
அப்படித்தான் எழுதச் சொல்லியிருக்கிறார்கள்.

முப்பத்தெட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளித்தான் போகிறது.
அச்சம் வேண்டாம் என்று
ஒரே செய்தியில் மூன்று இடத்தில் போட்டிருந்தார்கள்.

போன வைகாசியில், வெடி போட்ட மத்தியானம்,
மதலேனாள் அடுக்களையில் ஒரு கல் இறங்கியது.
ஓட்டைப் பிளந்து
கொதிக்கிற சோற்றுப் பானைமேல்.
தேங்காயைவிடக் கொஞ்சம் பெரிது.
அவள் துணி எடுக்கக் கொடிக்குப் போயிருந்தாள்.
அடுப்பிலிருந்து கொடிக்கு
எட்டி வைத்தால் ஏழு அடி.
அதை யாரும் முந்தாநாளே காணவில்லை.
ஆர்.ஐ. வந்தார். மோர் குடித்தார்.
தெறிகல் ஏதும் விழுந்ததாகத் தெரியவில்லை என்று
எழுதிப் போனார்.

சாயங்காலம் அவள் கல்லை இங்கே கொண்டுவந்தாள்,
இடுப்பில், குடம் வைப்பது போல.
மேடை நடுவில் வைத்துவிட்டுச் சொன்னாள்:
"எழுதும் அண்ணாச்சி, எத்தன கிலோன்னு."

பத்துக் கிலோவுக்குக் கீழே இந்த மேடைக்குத் தெரியாது.
சைபர் என்று காட்டியது.
சைபர் என்றுதான் நானும் சொன்னேன்.

அவள் கல்லை எடுத்துப் போகவில்லை.
காற்று மாசத்தில்
கதவுக்கு அண்டக் கொடுத்திருக்கிறேன்.

இரண்டு நாற்பத்தைந்துக்கு வெளியே வந்தேன்.
வெறுங்கண்ணுக்குத் தெரியாது என்று போட்டிருந்தும்
வந்தேன்.
பணகுடி வரைக்கும் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள்.
அதற்கு மேலே இருந்தவை எல்லாம்
அங்கங்கே இருந்தன.
ஆடிக் காற்று சட்டையை முதுகிலிருந்து பிய்த்தது.
விழுந்துகொண்டே இருப்பதற்கு எடை கிடையாதாம்,
எதிலாவது வந்து நின்றால்தான் எடையாம்.
செல்போனை மூடி வைத்தேன்.

உள்ளே வந்தால்
காலி மேடை இருபது என்று காட்டுகிறது.
காற்றுக்கு எப்போதும் காட்டும்.
இருபது, பத்து, சைபர், மறுபடி இருபது.
இந்தத் தடவை பொத்தானை அமுக்கிவிட்டேன்.

வண்டி எண் இல்லை.
சரக்கு: கல்.
எடை: 20.
நேரம்: 02.47.

காலையில் கணக்கர் பால்சிங்
விரலை நக்கி நக்கிச் சீட்டைத் தள்ளினார்.
"பதினேழு இருக்கு, பத்தொம்பது இருக்கு,
நடுவுல உள்ளது எங்க?"
பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.
"யாரு கல்லு?"

பேரைச் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.
வருஷம் ஞாபகம் இருந்தது,
எழுத்து இரண்டும் மறந்துவிட்டது.
கண் கதவடிக்குப் போனது.

"மதலேனாள்" என்றேன்.

"அந்தப் பேர்ல நமக்கு வண்டி கிடையாதே" என்று
கேன்சல் முத்திரையை எடுத்தார்.
மை காய்ந்திருந்தது.
இரண்டு தடவை அமுக்க வேண்டியிருந்தது.